வெட்சி வளர்ப்போம்

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். இந்நாட்டுக் காடுகளில் தானே வளரும் அம்மரத்தின் நச்சுப் பாலை, பூர்வகுடி மக்கள் தங்கள் ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவி வேட்டையாடினர். அம்மரம் ஒன்றை ஈப்போ இரயில் நிலையத்தின் எதிரே காணலாம். பேராக் மாநிலத்தோடு தொடர்புடைய இன்னொரு மரத்தின் கதை நமக்கு மிகவும் நெருக்கமானது. 1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்ட ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில அதே ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்ததற்கு அந்த அயல்நாட்டு மரமே பெருங்காரணம். அதை நடவும், ஒட்டுக் கட்டவும், பட்டையைப் பழுதாக்காமல் சீவவும் நாம் கற்றோம், அக்கலையில் தேர்ந்தோம்.

அத்தேர்ச்சியில் ஒரு சிறு பங்கை இந்த மண்ணுக்கே உரிய ஒரு பூஞ்செடிக்கு நாம் அளித்திருக்கிறோமா? லயத்து வீட்டு வாசலிலும், கோயில் மதிலோரத்திலும், பள்ளிக்கூட வேலியிலும் கொத்துக் கொத்தாய்ச் சிவந்து பூத்து நிற்கும் வெட்சியைத்தான் கூறுகிறோம். இட்லிப்பூ என்றால் சிறுவர்களுக்கும் தெரியும். மலாய் மொழியில் இதனைச் சியாந்தான் என்றும், ஜெஜாரும் என்றும், பெச்சா பெரியோக் என்றும் வழங்குவர். ஜாரும் என்றால் ஊசி. விரியாத மொட்டுகள் ஊசி போல் நீண்டு நிற்பதைக் கண்டு வைத்த பெயர் அது.

இருபுறமும் நமக்கு உறவு

வெட்சி இனத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. காப்பிச் செடியும் நுணா மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் வீடுகளில் மிகுதியாகக் காணும் சிவப்பு வெட்சியின் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையும் ஆகும். இதன் நெருங்கிய உறவினங்கள் மலாயாத் தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகளில் இயற்கையாகவே வளர்கின்றன. ஆகவே, நம் முன்னோர் விட்டுவந்த நாட்டிற்கும் நாம் வாழும் நாட்டிற்கும் ஒருசேர உரிய செடி என்று வெட்சியைச் சொல்வது மிகையன்று.

தமிழ் நூல்களில் இதற்குத் தனியிடம் உண்டு. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர் இப்பூவைச் சூடிச் சென்றமையால், அப்போர் முறைக்கே வெட்சி என்று தொல்காப்பியம் பெயரிட்டது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலும் வெட்சி இடம்பெற்றுள்ளது. செச்சை என்பது இதன் மற்றொரு பெயர். கேரளத்தில் இதனைச் செத்தி என்பர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் வெளியிட்ட மலபார் தாவர நூலிலும் அப்பெயர் பதிவாகியிருக்கிறது. 1753-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு இக்சோரா என்னும் அறிவியற் பெயரை அளித்தார். ஈசுவரன் என்னும் சொல்லின் திரிபே அது என்பர். நம் வேலியோரச் செடி உலகத் தாவர நூல்களில் ஓர் இறைவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மண்ணை அறிவோம்

வெட்சி வளர்ப்பில் முதற் பாடம் மண்ணே. இச்செடி புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். சுண்ணாம்பு கலந்த மண்ணை வெறுக்கும். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

ரப்பர்த் தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பானது. மழை மிகுந்த நாட்டில், மேட்டு நிலத்துச் செம்மண்ணிலிருந்து சுண்ணாம்புச் சத்து நெடுங்காலமாகக் கரைந்து போய்விட்டது. ரப்பருக்கு ஒத்த அந்த மண் வெட்சிக்கும் ஒத்தது. ஆனால் கிந்தா பள்ளத்தாக்கில் இறங்கினால் நிலைமை மாறுகிறது. ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் வெண்மலைகள் யாவும் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. அம்மலைகளின் அடிவாரத்து மண்ணிலும், சுண்ணாம்புக் கற்கள் கலந்த பழைய ஈயச் சுரங்க நிலங்களிலும் வெட்சி திணறும். புதிய வீடமைப்புப் பகுதிகளிலும் இதே இடர் உண்டு. வீடு கட்டியபோது எஞ்சிய சிமெண்டும் சாந்தும் வாசல் மண்ணிற் கலந்து கிடக்கும். மழைநீர் சிமெண்டுக் கால்வாயோரம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

நம் மண் எத்தகையது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கடையில் சுக்கா என்று விற்கப்படும் காடியைச் சிறிதளவு உலர்ந்த மண்ணின்மீது ஊற்றுங்கள். மண் பொங்கி நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அவ்விடத்தில் வெட்சியை நிலத்தில் நடாமல், தொட்டியிலோ மேட்டுப் பாத்தியிலோ நல்ல தோட்ட மண் இட்டு வளர்ப்பதே நலம். நுரைக்காவிட்டாலும் சிறிதளவு சுண்ணாம்பு இருக்கக்கூடும். அதைச் செடியின் இலையே பின்னர்க் காட்டிக்கொடுக்கும்.

இளந்தளிர்கள் மஞ்சள் நிறமாகி, நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்குமானால், அது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லை என்பது இதற்குப் பொருளன்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கரையாமையால் வேர் அதனை உறிஞ்ச முடிவதில்லை. இத்தகைய செடிக்கு மட்கிய இலைக்குப்பையைத் தூரில் பரப்ப வேண்டும். அம்மோனியம் சல்பேட் உரத்தைச் சிறிதளவு இட்டால் மண்ணின் புளிப்பு கூடும். விரைவில் குணம் காண வேண்டுமாயின், இரும்புச் சத்து மருந்தை விவசாயக் கடையில் வாங்கி, உறையிற் கூறியுள்ள அளவிலேயே தெளிக்கலாம்.

இங்கு ஒரு பழக்கத்தைப் பற்றிக் கூறியாக வேண்டும். அடுப்புச் சாம்பலைச் செடிகளுக்குக் கொட்டுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். கீரைக்கும் காய்கறிக்கும் அது நன்மை செய்யலாம். வெட்சிக்கோ அது தீங்கு. சாம்பல் மண்ணின் புளிப்பைப் போக்கிவிடும். எனவே, சாம்பல் கத்தரிக்குப் போகட்டும். தேயிலைச் சக்கையும் மட்கிய இலையும் வெட்சிக்கு வரட்டும்.

கன்று உண்டாக்கும் முறை

வெட்சிக் கன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமென்பதில்லை. அண்டை வீட்டில் நன்கு பூக்கும் செடியிலிருந்து குச்சி கேட்டுப் பெறலாம். காட்டிலிருந்து பிடுங்கி வருவது மட்டும் வேண்டா. வனக் காப்புப் பகுதியில் அது சட்டப்படி குற்றமாகும். மேலும், காட்டுச் செடி இடம் மாறினால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

மிக இளசும் மிக முற்றலும் அல்லாத, பென்சில் பருமனுக்குச் சற்றுக் குறைந்த கிளையைத் தேர்ந்தெடுங்கள். சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது 6 அங்குல நீளத்தில், கூரிய கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். பால்வெட்டுக் கத்தியைப் பிடித்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூவும் மொட்டும் இருந்தால் கிள்ளிவிடுங்கள். அடி இலைகளை நீக்கி, மேலே இரண்டு அல்லது நான்கு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். இலைகள் குறைந்தால் குச்சியிலுள்ள நீர் ஆவியாவது குறையும்.

பின்னர், கழுவிய ஆற்று மணலும் மட்கிய இலைமண்ணும் சமமாகக் கலந்த பையில் குச்சியின் மூன்றில் ஒரு பங்கு புதையுமாறு ஊன்றி, நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்கவேண்டும், நீர் தேங்கலாகாது. வேர் பிடிக்க நான்கு முதல் எட்டு வாரம் செல்லும். அதுவரை குச்சியை இழுத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு இழுத்தால் புதிய வேர்கள் அறுந்துபோகும். பத்துக் குச்சி ஊன்றினால் பத்தும் பிழைக்கும் என்று எண்ணலாகாது. பத்துச் செடி வேண்டுவோர் இருபது குச்சி ஊன்றுவது அறிவுடைமை.

நடுதலும் பேணுதலும்

வேர் பிடித்த கன்றுகளைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, இரண்டு மூன்று மாதங்களில் நடலாம். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமே ஏற்றது. ரப்பர் மர நிழலில் வெட்சி உயிரோடிருக்கும்; ஆனால் இலையைத் தருமேயன்றிப் பூவைத் தராது. ஓரடி ஆழமும் ஓரடி அகலமுமாகக் குழி தோண்டி, நன்கு மட்கிய மாட்டெருவைக் கலந்து நடுங்கள். வேலிக்காயின் இரண்டடி இடைவெளியும், பூவுக்காகத் தனித்தனியே வளர்ப்பதாயின் நான்கடி இடைவெளியும் விடுக. தைப்பிங் போன்று மழை மிகுந்த வட்டாரங்களில் பாத்தியை உயர்த்தி, நீர் வடிய வழி செய்வது இன்றியமையாதது.

பழைய ரப்பர் நிலத்தில் நடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டையும் வேரும் மண்ணில் கிடந்தால், வெள்ளை வேர்நோய் அவற்றில் தங்கியிருக்கக்கூடும். ரப்பரைக் கொல்லும் அப்பூசண நோய் வேறு பல மரஞ்செடிகளையும் தாக்க வல்லது. ஆகவே, குழியில் அகப்படும் பழைய வேர்த் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து அகற்றிய பின்னரே நட வேண்டும்.

வளர்ந்த செடிக்கு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை ஒரு சிறு கைப்பிடி கலப்பு உரம் போதும். உரத்தைத் தண்டில் படாமல் சுற்றிலும் தூவி, நீர் விட வேண்டும். அசுவினி, மாவுப்பூச்சி, செதிற்பூச்சி ஆகியவை தளிரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். எறும்புகள் அணிவகுத்து ஏறுவதும், இலையில் கரி படிந்தாற்போல் தோன்றுவதும் அவற்றின் வருகையைக் காட்டும். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரத்தைக் கரைத்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். கொடிய மருந்துகளை வீட்டு வாசலில் தெளிக்க வேண்டா. வெட்சிப் பூவின் அடியிலுள்ள தேன்துளியைச் சிறுவர்கள் உறிஞ்சிச் சுவைப்பதை நாம் அறிவோம். களைக்கொல்லிக் கலன்களைக் கழுவி நீரூற்றும் பாத்திரமாகப் பயன்படுத்துவதும் ஆபத்தானது. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அதன் பழைய கலன் எங்கேனும் கிடந்தால், சிறுவர்கள் தொடாதவாறு ஒதுக்கி, மாவட்ட விவசாய அலுவலகத்தின் ஆலோசனையைப் பெறுங்கள்.

வெட்டினால் பூக்கும்

வெட்சி பூப்பது கிளையின் நுனியில்தான். இதனை உணராமல் வேலியை வாரந்தோறும் மட்டமாகக் கத்தரிப்போர், நாளைய மொட்டுகளை இன்றே வெட்டி எறிகின்றனர். பின்னர், செடி பூக்கவில்லையே என்று வருந்துகின்றனர். சரியான முறை இதுவே: பூக்கொத்து வாடத் தொடங்கியதும், கொத்தோடு அதன் கீழுள்ள ஓரிரு கணுக்களையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தின் கீழே பெரும்பாலும் இரண்டு தளிர்கள் கிளைக்கும். ஒரு கொத்து பூத்த இடத்தில் இரண்டு கொத்துகள் பூக்கும்.

வெட்டிய கிளை மீண்டும் பூக்க ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். இது வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். ஆகவே, பத்துச் செடிகளையும் ஒரே நாளில் கவாத்து செய்யலாகாது. மூன்று, மூன்று, நான்கு எனப் பிரித்து, மூன்று வார இடைவெளி விட்டு வெட்டினால், வீட்டில் பூ இல்லாத மாதமே இராது. வெட்டிய நாளையும் பூத்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டில் உங்கள் வாசலுக்குரிய கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். தைப்பூசம் தை மாதத்தில் வருவதால், ஐப்பசியிலேயே அதற்கென வெட்டத் தொடங்க வேண்டியிருக்கும்.

பூவும் வருவாயும்

ஈப்போ குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் தைப்பூசத்தன்று திரளும் கூட்டத்தை நாம் கண்டிருக்கிறோம். செந்நிற மலர் முருகனுக்கு உகந்தது என்பது நம் மரபு. அவ்வாலயம் சுண்ணாம்பு மலையில் அமைந்தது. அவனுக்குரிய வெட்சியோ தோட்டத்துச் செம்மண்ணில் செழிப்பது. மண்ணுக்குரிய பூவை மலைக்குக் கொண்டு சேர்க்கும் பணி நம் கையில் இருக்கிறது.

எனினும் வீணான ஆசையை ஊட்ட நாம் விரும்பவில்லை. வெட்சி, செவ்வந்தியைப் போல் நெடுநாள் வாடாதிருக்கும் மலரன்று. கேமரன் மலையின் குளிரில் விளைந்து தாப்பா வழியாக இறங்கி வரும் பூக்களோடு தொலைதூரச் சந்தையில் இது போட்டியிட இயலாது. இதற்குரிய சந்தை அருகிலேயே உள்ளது. தோட்டத்துக் கோயில், பக்கத்து ஊர்ப் பூமாலைக் கடை, திருமண வீட்டு வாசல் அலங்காரம், வார நாள் சந்தை ஆகியவை அவை. கன்றுகளையும் விற்கலாம், வேர் பிடித்த கன்று பூவைப்போல் ஒரே நாளில் வாடிப்போவதில்லை. கூட்டரசு விவசாய விற்பனை வாரியமான பாமாவின் உழவர் சந்தைகள் 1985-இல் தொடங்கப்பட்டவை. அவற்றில் இடம் பெறுவது பற்றி வாரியத்தின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். தெருவோரத்தில் கடை வைப்போர் ஊராட்சி மன்றத்தின் உரிமம் பெற வேண்டும்.

கொத்திலுள்ள மொட்டுகளில் ஏறக்குறைய பாதி விரிந்த நிலையே பூ வெட்ட ஏற்ற பருவம். அதிகாலையிலோ மாலையிலோ, வெயில் தாழ்ந்த வேளையில் வெட்டுங்கள். காலையில் பால்வெட்டுக்குச் செல்வோருக்கு மாலை வேளையே வசதி. வெட்டிய உடனே தண்டைத் தூய நீரில் நிறுத்தி, நீருக்குள் அமிழும் இலைகளைக் களைந்து, நிழலில் வையுங்கள். பழுத்த வாழைப்பழத்தின் அருகில் பூவை வைக்காதீர்கள்; கனியிலிருந்து வெளிப்படும் ஆவி பூக்களை விரைவில் உதிரச் செய்யும்.

பூவைத்த சாடியின் நீரையும் தொட்டியடித் தட்டின் நீரையும் வாரத்திற்கு ஒரு முறையேனும் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாட்களே போதும். அழகுக்காக வளர்க்கும் செடி டிங்கிக் காய்ச்சலுக்குத் தொட்டிலாகிவிடலாகாது.

செடியும் உடன் வரும்

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பிப்ரவரி தொடங்கி ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறைகிறது, வருவாயும் குறைகிறது. பத்து வெட்சிச் செடிகள் அவ்விழப்பு முழுவதையும் ஈடு செய்துவிடா. ஆனால் பள்ளிப் பிள்ளையின் பேருந்துக் கட்டணத்திற்கோ, வெள்ளிக்கிழமைப் பூசைச் செலவுக்கோ பிறர் கையை எதிர்பாராதிருக்க அவை துணைபுரியும். வரவையும் செலவையும் தனித்தனியே எழுதி வந்தால் உண்மை விளங்கும்.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பல பட்டணத்து ஓரங்களில் குடியேறியுள்ளன. தோட்டத்து வீடும் வாசலும் நமக்குச் சொந்தமல்ல. அதனால் நடுவதற்கு முன் நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்டுப் பெறுவதே முறை. நிலத்தில் நட்ட செடியின் மறுபடியாக இரண்டு கன்றுகளைத் தொட்டியிலும் எப்போதும் வைத்திருங்கள். வீடு மாற நேர்ந்தால் அம்மா வைத்த செடியைப் பிடுங்க முடியவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. அதன் குச்சியில் வளர்ந்த கன்று தொட்டியோடு உடன் வரும். தொட்டிக்குத் தோட்டத்துச் செம்மண்ணை இட்டுச் சென்றால், ஈப்போவின் சுண்ணாம்பு மண்ணைக் குறித்தும் அஞ்ச வேண்டியதில்லை.

அடுக்குமாடி வீட்டின் வெயில் விழும் மாடத்திலும் ஒரு வெட்சி பூக்கும். தோட்டத்தைக் கண்டிராத பேரப் பிள்ளைக்கு, இந்தச் செம்மண் எங்கிருந்து வந்தது, இந்தச் செடியை யார் வைத்தார் என்று சொல்ல அது ஒரு வாய்ப்பாக அமையும். அடுத்த மழைக்காலத்திற்குள் இருபது குச்சிகளை ஊன்றுவோம். பத்தாவது பிழைத்தால் அதுவே நமக்கு நல்ல தொடக்கமாகும்.